கண்ணகி நகர் முதல் பட்டியலில் ஏன் இல்லை: சென்னையில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு இடம் தேடிய அனுபவம்

பின்னணி

வீட்டு வேலை, துப்புரவு வேலை, ஓட்டல் வேலை என்று விடிவதற்குள் கிளம்பிவிடும் அம்மாக்களின் சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் தொடங்குவது என்று ஒரு சிறிய அறக்கட்டளை 2022 மே மாதம் முடிவெடுத்தது. கையில் இருந்த பணம் ஒரே ஒரு காப்பகத்தை மூன்று வருடம் நடத்தத்தான் காணும். இடத்தைத் தப்பாகப் பிடித்தால் திருத்திக்கொள்ள வழியில்லை. புள்ளிவிவர வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். நடந்த முதல் பெரிய தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேச்சில் நான்கு இடங்கள் இருந்தன: கூவம் கரையோரச் சிந்தாதிரிப்பேட்டை, புளியந்தோப்பு, தரமணியை ஒட்டிய வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருக்கும் கண்ணகி நகர். ஆளுக்கொரு இடத்துக்கு வாதாடினார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ந்தவர் அதைச் சொன்னார், வேளச்சேரியில் வீடு வைத்திருப்பவர் அதைச் சொன்னார். செயலாளர் அம்மா கடைசியில், "அவங்கவங்க ஊருக்கு ஓட்டுப் போட வேணாம். கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

முதல் பட்டியல்

சென்னையில் வார்டு அளவில் ஒப்பிடக் கிடைப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021-இல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று பிறகுதான் நாள் குறித்தார்கள். பழையதானாலும் 2011 கணக்கில் விஷயம் நிறைய உண்டு. ஒரு வார்டில் எத்தனை குடும்பம், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் எத்தனை, பெண்களில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை என்பதெல்லாம் ஒரு தொகுப்பில் இருக்கும். வீட்டுக் கணக்கு இன்னொரு தொகுப்பு: எத்தனை அறை, சொந்த வீடா வாடகையா, குழாய் வாசலுக்குள்ளா வெளியிலா, தனிச் சமையலறை உண்டா.

அதிலிருந்து ஐந்து விவரங்களை எடுத்தோம். குழந்தைகள் எண்ணிக்கை, வேலைக்குப் போகும் பெண்களின் பங்கு, ஒரே அறை வீடுகளின் பங்கு, வாடகைக் குடித்தனங்கள், தண்ணீர் வெளியிலிருந்து கொண்டுவரும் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எக்செல் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர், மாநகராட்சியின் இணையதளத்தில் நான்கு இடங்களுக்கும் வார்டு எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்கு நேரே சென்சஸ் கோப்பில் இருந்ததை இழுத்துப் போட்டார். சிந்தாதிரிப்பேட்டை முதலிடம், புளியந்தோப்பு இரண்டாமிடம். வேளச்சேரி, கண்ணகி நகர் வரிசைகள் காலியாக வந்தன. பக்கத்தில் "தரவு இல்லை" என்று எழுதி அவற்றை ஒதுக்கிவிட்டோம். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நடுவில் ஒருவர், பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பை வைத்து எது ஏழைப் பகுதி என்று பார்க்கலாமே என்றார். அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்னது நான் செய்த ஒரே நல்ல காரியம். அண்ணா சாலைக்கு இந்தப் பக்கம் மனை விலை மலை மாதிரி இருக்கும். அந்த மனையில் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு அதில் ஒரு காசு சேராது. போதாததற்கு அந்த மதிப்பை 2017-இல் ஒரே வீச்சில் 33 சதவீதம் குறைத்தார்கள். அதனால் வருடத்தோடு வருடம் ஒப்பிடுவதும் ஆகாது.

ஜூன் மூன்றாவது வாரம் சிந்தாதிரிப்பேட்டையில் டூ-லெட் போர்டு தொங்கிய ஒரு வீட்டைப் பார்த்து, அட்வான்ஸ் வரை பேசியாகிவிட்டது.

155-இல் முடிந்த கோப்பு

கண்ணகி நகரின் காலி வரிசை மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட குடிசை மாற்று வாரிய வீடுகள். 2000-ஆம் ஆண்டிலிருந்து நகரத்தின் நதிக்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே குடிவைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்றாலும் அறுபதாயிரம் பேர். அத்தனை பேரை எண்ணாமல் விட்டிருப்பார்களா? ஒரு ராத்திரி கோப்பை அடிவரை இழுத்துப் பார்த்தேன். கடைசி வார்டு 155. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

கணக்கெடுப்பு நடந்தது 2011 பிப்ரவரியில். அன்றைக்குச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர், 155 வார்டு. அதே வருடம் அக்டோபரில் சுற்றியிருந்த ஒன்பது நகராட்சிகள், எட்டு பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சேர்ந்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு ஆனது. எண்கள் வடக்கிலிருந்து புதிதாகப் போடப்பட்டன. இன்றைய 1-ஆவது வார்டு எண்ணூர்ப் பக்கம், திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது. கணக்கெடுப்பு நாளில் அந்த நிலம் மாநகராட்சியிலேயே இல்லை, கத்திவாக்கம் நகராட்சி. போதாக்குறைக்கு 2018-இல் வார்டு எல்லைகளை மறுபடி மாற்றி வரைந்தார்கள். ஆக, 155 வரைக்கும் உள்ள இன்றைய எண்ணை எடுத்துக்கொண்டு 2011 கோப்பில் தேடினால் ஒரு பதில் கண்டிப்பாக வரும், அது வேறு யாரோ ஒருவருடைய தெருவின் பதிலாக இருக்கும். சிந்தாதிரிப்பேட்டைக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது சிந்தாதிரிப்பேட்டை இல்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று. தப்பான இரண்டு வரிசைகளும் ஒழுங்காக நிரம்பியிருந்ததால் நம்பினோம். காலியாக இருந்த இரண்டு வரிசைகள்தான் உண்மையைச் சொல்லின, அவற்றைத் தள்ளிவிட்டோம்.

மாணவரிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "நான்தான் சார் சரியா பார்க்கலை" என்றார். பார்க்க வேண்டியவன் நான். முப்பது வருடம் இதே வேலை பார்த்தவன்.

பழைய வார்டு வரைபடத்தைப் புதியதன் மேல் வைத்து, தெருப் பெயர்களைக் கொண்டு சரிபார்க்கப் பதினொரு நாள் பிடித்தது. கண்ணகி நகர் சென்னைக் கோப்பிலேயே இல்லை. காஞ்சிபுரம் மாவட்டக் கோப்பில் ஒக்கியம் துரைப்பாக்கம் என்ற பெயருக்குள் இருந்தது. அங்கே இன்னொரு சிக்கல். அந்த ஊராட்சிக்குள் வாரிய வீடுகளும் உண்டு, ஐ.டி. காரர்களின் அடுக்குமாடிகளும் உண்டு. இரண்டையும் சேர்த்த சராசரியில் ஒரு குடும்பம் தெரிகிறது: நடுத்தர அளவு வீடு, பாதி வசதி. அப்படி ஒரு குடும்பத்தை அங்கே தேடினால் கிடைக்காது. ஒரு பக்கம் ஒற்றை அறை, மறுபக்கம் நீச்சல் குளம் வைத்த கட்டடம்.

திருத்திய பட்டியலில் புளியந்தோப்பு முதலிடத்துக்கு வந்தது. கண்ணகி நகரை இந்தக் கணக்கால் எங்கேயும் வைக்க முடியவில்லை. சிந்தாதிரிப்பேட்டை வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

அந்தக் குழந்தைகள் இப்போது எங்கே

எல்லை சரியானதும் தேதி இடித்தது. 2011-இல் ஆறு வயதுக்குட்பட்டவர்கள் என்று எண்ணிய குழந்தைகளில் மூத்தவர் 2022-இல் கல்லூரியில் சேர்ந்திருப்பார். கடைசிக் குழந்தைக்கு 11 வயது. காப்பகத்துக்கு வரப்போகிறவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வரும், கூட்டத்திலும் சிரித்தார்கள், ஆனால் அதுவரை அந்த எண்ணிக்கைக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுத்து வைத்திருந்தோம்.

கூவம் கரை இன்னும் மோசம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாகக் காலிசெய்யப்பட்டன. தீவுத்திடல் பக்கம் இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களை 2019 டிசம்பரில் நகரத்துக்கு வெளியே இருக்கும் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். பழைய வார்டுக் கணக்கில் அவர்கள் இன்னும் கூவத்தோரத்திலேயே இருக்கிறார்கள்.

பெண்களின் வேலைக் கணக்கையும் முழுதாக நம்ப முடியவில்லை. கணக்கெடுக்க வருகிறவரிடம் பதில் சொல்வது பெரும்பாலும் வீட்டு ஆண். "அது வீட்லதான் இருக்கு" என்று சொல்லிவிடுவார். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் வேலை செய்யாதவர் ஆகிவிடுவார்.

சரி, உயிரோடிருக்கும் கணக்கு எங்கே கிடைக்கும் என்று தேடினோம். அங்கன்வாடி டீச்சர் தன் பகுதியில் வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருக்கும் பதிவேடு ஒன்று. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைத் தடுப்பூசிக்கு வரும் குழந்தைகள் இன்னொன்று. பெயர்களைக் கேட்கவில்லை, மொத்த எண்ணிக்கையைப் பேச்சுவாக்கில் சொன்னார்கள், அது போதும்.

நேரில் பார்த்தது: புளியந்தோப்பு

ஜூலையில் நடக்க ஆரம்பித்தோம். ஒரு சந்தில் தரைத்தளமும் மாடியுமாக ஒரு வீடு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குடும்பம் என்றுதான் தோன்றும். படிக்கட்டுக்கு அடியில் ஈ.பி. மீட்டர்களை எண்ணினேன்: ஒன்பது. ஒவ்வொரு மீட்டர் மேலும் சாக்பீஸில் ஒரு பெயர், ஒன்றில் பெயரை அழித்து வேறு பெயர். அதற்கப்புறம் எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் மீட்டர் பெட்டியைப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. குடித்தனம் எத்தனை என்பதை அதைவிடச் சுருக்கமாக எதுவும் சொல்லாது.

குழந்தைகளும் நிறைய இருந்தார்கள். ஆனால் அம்மா வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், கேள்வியே புரியாத மாதிரி பார்த்தார்கள். "ஆயா இருக்குதே." வடசென்னையில் ஆயா என்றால் பாட்டி. பாட்டி அடுத்த வீட்டில், இல்லாவிட்டால் எதிர்ச் சந்தில், அதுவும் இல்லாவிட்டால் சின்னம்மா. பேசிப் பார்த்த 31 வீடுகளில் 26-இல் கூப்பிடு தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அம்மாக்களில் பலருக்கு வேலையும் பக்கத்திலேயே. மத்தியானம் ஒரு நடை வந்து சோறு ஊட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் பட்டியலில் முதலிடம் வாங்கிய இடத்துக்கு எங்கள் காப்பகம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

நேரில் பார்த்தது: கண்ணகி நகர்

காலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்த வண்டிக்காகவே கூட்டம் காத்திருந்தது. அடையாறு, மயிலாப்பூர், தி. நகர். கையில் ஒரு பை, அதில் டிபன் பாக்ஸ், மாற்றுப் புடவை. ஆறு மணிக்குள் 140 பெண்களை எண்ணி, அதற்குமேல் முடியாமல் விட்டுவிட்டோம். எட்டு மணிக்கு எண்ணியிருந்தால் வேறு ஊர் தெரிந்திருக்கும்.

ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், பேருந்து வரும்வரை பேசினார்.

"குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"பெரியவ பார்த்துக்குவா சார்."

"பெரியவளுக்கு என்ன வயசு?"

"ஒம்பது. பள்ளிக்கூடம் போற நேரத்துல பக்கத்து வூட்ல விட்டுட்டுப் போவா."

"உங்க அம்மா?"

"அம்மாவுக்கு பெரும்பாக்கத்துல வூடு விழுந்துச்சு. எனக்கு இங்க. ஒண்ணாதான் இருந்தோம் அங்க."

வீடு விழுந்தது என்றால் குலுக்கலில் கிடைத்தது. ஒரே கரையில் ஒட்டி ஒட்டி இருந்த குடும்பங்கள் அலாட்மெண்டில் பிரிந்து, ஒருவர் இந்த பிளாக்கில், ஒருவர் வேறு ஊரில். அங்கே பேசிய 28 வீடுகளில் பாட்டியோ அத்தையோ பக்கத்தில் இருந்தது ஏழு வீடுகளில் மட்டும். எந்தக் கணக்கெடுப்பிலும் இதற்கு இடம் கிடையாது. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்பார்கள், அடுத்த வாசலில் இருப்பவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள்.

தரமணி, வேளச்சேரிப் பக்கம் இரண்டு நாள் நடந்தோம். அங்கே வாடகைக் குடித்தனங்கள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. தனியார் காப்பகங்களும் இருந்தன. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

முடிவும் காரணமும்

செப்டம்பரில் கண்ணகி நகர் என்று முடிவானது. சுலபமாக ஆகவில்லை. "தரவுப்படி போவோம்னு சொல்லிட்டு இப்போ கதை கேட்டு முடிவு பண்றோமே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகளை, கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை வீடுகளில், ஒரே ஆட்கள் கேட்டிருக்கிறோம், அதனால் இதுவும் கணக்குத்தான் என்று பதில் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. 59 வீடு என்பது பெரிய எண்ணிக்கை இல்லை என்பது எனக்கும் தெரியும்.

பெரும்பாக்கமே இன்னும் சரி என்ற வாதமும் வந்தது. அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே, வேறு மாவட்டம், எங்களில் யாருக்கும் பழக்கமில்லாத இடம். பழக்கமில்லை என்பது நல்ல காரணம் இல்லைதான். அன்றைக்கு அதுதான் காரணமாக இருந்தது.

வீடு பிடித்ததில் நேரம் போனது. வாரிய வீட்டை உள்வாடகைக்கு எடுக்க விதியில் இடமில்லை, ஆகவே குடியிருப்புக்கு நடுவில் வைக்க முடியவில்லை. ஓரத்தில் ஒரு தனியார் வீட்டின் தரைத்தளம் கிடைத்தது. வீட்டுக்காரர் சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2017-இல் வந்த வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகை என்கிறது என்று எடுத்துச் சொன்னோம். "சட்டம் எல்லாம் சரிங்க, நான் பெயின்ட் அடிச்சுக் குடுக்கணுமே" என்றார். ஆறு மாத அட்வான்ஸில் முடிந்தது.

தொடர்ந்தவை

2023 ஜூனில் காப்பகம் திறந்தது. காலை எட்டு முதல் மாலை ஆறு. முதல் மாதம் நான்கு குழந்தைகள்.

பேருந்து நிறுத்தத்தில் ஐந்து மணிக்கு நின்று எண்ணியவர்கள் நாங்களே. எட்டு மணிக்குத் திறந்ததும் நாங்களே. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பணிக்கு வந்த இரண்டு பெண்களின் வசதியைப் பார்த்து அந்த நேரம் வைத்தோம். ஆகஸ்டில் ஐந்தரைக்கு மாற்றி, அதே குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண்ணை முதல் ஷிப்டுக்கு வைத்தோம். அக்டோபருக்குள் 25 இடமும் நிரம்பியது.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று: நிரம்பியவர்களில் மூன்று குழந்தைகள் ஒடியா பேசினார்கள். சாலையோரக் கட்டுமான வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். 2011 கணக்கிலும் இல்லை, நாங்கள் போன 28 வீடுகளிலும் இல்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டில் இல்லை, தகர ஷெட்டில் இருந்தார்கள். காலை ஷிப்டுப் பெண் இரண்டு வாரத்தில் தண்ணீர், சோறு, தூக்கம் மூன்றுக்கும் ஒடியா வார்த்தை கற்றுக்கொண்டார். அந்தக் குழந்தைகள் அதற்குள் "வா", "போ"வைத் தாண்டிச் சண்டை போடும் அளவுக்குத் தமிழ் பேசிவிட்டார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். மடுவு நிரம்பினால் அது பக்கத்து வீடுகளுக்குள் நிற்கும். எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவு நின்றது. குழந்தைகள் யாரும் அப்போது உள்ளே இல்லை. பாய்கள், அரிசி மூட்டை, வருகைப் பதிவேடு போயின. பன்னிரண்டு நாள் மூடியிருந்தோம். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லாத அம்மாக்களுக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் நஷ்டம். சுவரைச் சுத்தம் செய்யும்போது பெயின்டுக்கு அடியில் பழைய தண்ணீர்க் கோடு ஒன்று தெரிந்தது. 2015-ஆக இருக்கும். வீட்டுக்காரர் எதற்குப் பெயின்ட் அடித்தார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

எதை மாற்றுவோம்

மாணவர் இப்போது வேலைக்குப் போய்விட்டார், ஆனாலும் எங்கள் தாள்களை அவர்தான் வைத்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறார்: எந்த எல்லை, எந்தத் தேதி. அவை நிரம்பாத எண்ணை ஒப்பிடக் கூடாது என்று அவரே ஒரு விதி வைத்திருக்கிறார். காலி வரிசை வந்தால் அதைத்தான் முதலில் துருவுகிறோம். மதிப்பெண் போட்டுக் கூட்டுவதை விட்டுவிட்டோம். ஐந்து விவரத்தைக் கூட்டி ஒரு எண் ஆக்கியதும் எதனால் அது வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கணக்கைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. செயலாளர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நடந்தால் பிடித்துப்போன இடத்துக்கு ஏற்றபடி கணக்கைத் தேடுவோம் என்கிறார்.

இரண்டாவது காப்பகத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. பெரும்பாக்கத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம். தரைத்தளம், வாடகை தோதாக இருந்தது, புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாட்ச்மேனிடம், "2023-ல தண்ணி எது வரைக்கும் வந்தது?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். இப்போது முதல் மாடியில் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.